குளிர்ந்த இன்ஜினும் கூலிக்காரனின் கடிகாரமும்: பிர்சிக்கை முன்வைத்துச் சில குறிப்புகள்

1

தன் வண்டியைத் தானே பிரித்துச் சரிசெய்துகொள்கிற மனிதனைப் பற்றி மேற்கில் ஒரு பெருங்கதையாடலே உருவாகியிருக்கிறது. குளிர்காலம் வருகிறது. சாலையில் உப்பைக் கொட்டுகிறார்கள். மார்ச் கடைசி வரை வண்டியை வெளியே எடுக்க முடியாது. வீட்டுக்குப் பின்னாலுள்ள கொட்டகையில் விளக்கைப் போட்டுக்கொண்டு, ஸ்பேனர்களைப் பரப்பி, ஒரு மனிதன் இன்ஜினைத் திறக்கிறான். ஆலையும் அலுவலகமும் அவனிடமிருந்து பறித்துக்கொண்ட ஏதோ ஒன்று அங்கே அவனுக்குத் திரும்பக் கிடைக்கிறது. இதுதான் கதை. ராபர்ட் எம். பிர்சிக் 1974இல் வெளியிட்ட 'ஜென் அண்ட் தி ஆர்ட் ஆஃப் மோட்டார் சைக்கிள் மெயின்டனன்ஸ்' இந்தக் கதையாடலின் வேதப் புத்தகம் மாதிரி ஆகிவிட்டது. 121 பதிப்பாளர்கள் வேண்டாம் என்று திருப்பியனுப்பிய நூல், வெளிவந்த பிறகு லட்சக்கணக்கில் விற்றது.

நூலை அறிமுகம் செய்வது என் நோக்கமல்ல. அதை மூன்று தடவை படித்திருக்கிறேன். முதல் தடவை மயங்கிப் போய்ப் படித்தேன். இரண்டாம் தடவை, நானே ஒரு கொட்டகையில் கையெல்லாம் கிரீஸோடு உட்கார்ந்திருந்த நாட்களில் படித்தேன். மூன்றாம் தடவை கோபத்தோடு. கோபத்துக்குக் காரணம் என் அண்ணன். அவர் மதுரையில் முப்பது வருஷமாக டூவீலர் மெக்கானிக். மெக்கானிக்குகளைப் பற்றி பிர்சிக் எழுதியிருக்கிற பக்கங்களை அவர் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போது என்னால் வாய்விட்டுப் படிக்க முடியவில்லை.

கோபத்தை மட்டும் வைத்துக்கொண்டு விமர்சனம் எழுதிவிட முடியாது என்பது தெரியும். எனவே ஒரே ஒரு கேள்வியை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். குளிர்காலத்தில் வீட்டில் உட்கார்ந்து செய்கிற பராமரிப்பு வேலை ஏன் அவ்வளவு நிறைவைத் தருகிறது? அதே வேலையைப் பட்டறையில் செய்கிறவனுக்கு அந்த நிறைவு ஏன் கிடைப்பதில்லை? பிர்சிக் இதற்கு ஒரு பதில் வைத்திருக்கிறார். அந்தப் பதில் தப்பு என்பது என் வாதம்.

2

2006 முதல் 2008 வரை இரண்டு குளிர்காலங்களை வட இங்கிலாந்தில் ஒரு சின்ன ஊரில் கழித்தேன். பெரிய கிடங்கு ஒன்றில் இரவு வேலை. கையில் ஒரு ஸ்கேனர் கொடுத்திருப்பார்கள். ஒரு பெட்டியை எடுத்து வைக்க எத்தனை வினாடி ஆகிறது என்று அது எண்ணிக்கொண்டே இருக்கும். மூத்திரம் பெய்யப் போனாலும் கணக்கில் வரும். வாரத்தில் இரண்டு நாள் லீவு. அந்த இரண்டு நாளும் வாடகை வீட்டின் பின்கொட்டகையில் ஒரு பழைய 125 சிசி வண்டியோடு கிடந்தேன்.

குளிர்காலத்துக்கு வண்டியைக் கட்டிவைப்பது தனி வேலை. இன்ஜினை ஓட்டிச் சூடாக்கிப் பழைய ஆயிலை வடித்துவிட்டுப் புது ஆயில் ஊற்ற வேண்டும். ஓடிய ஆயிலில் அமிலமும் ஈரமும் சேர்ந்திருக்கும். மூன்று மாதம் அப்படியே நின்றால் உள்ளேயிருக்கும் பேரிங்குகளை அரிக்கும். டேங்கை விளிம்பு வரை நிரப்ப வேண்டும். காலியிடம் இருந்தால் காற்றிலுள்ள ஈரம் உள்ளே வியர்த்துத் துருப்பிடிக்கும். கார்புரேட்டரில் நிற்கும் பெட்ரோலை வடித்துவிட வேண்டும். இல்லாவிட்டால் அது காய்ந்து பிசினாகி ஜெட்டை அடைத்துக்கொள்ளும். பேட்டரியைக் கழற்றி வீட்டுக்குள் கொண்டுவந்து அவ்வப்போது சார்ஜ் போட வேண்டும். சார்ஜ் இறங்கிய பேட்டரிக்குள் இருப்பது கிட்டத்தட்ட தண்ணீர்தான். உறைந்தால் பெட்டி வெடித்துவிடும். சைலன்ஸர் வாயில் துணியை அடைக்க வேண்டும், எலி கூடு கட்டாமலிருக்க. அடைத்ததை வசந்தத்தில் மறக்காமல் எடுக்கவும் வேண்டும்.

இதெல்லாம் நவம்பர் வேலை. உண்மையான வேலை ஜனவரியில். செயினைக் கழற்றி மண்ணெண்ணெயில் ஊறப்போடுவது, பிரேக்கைப் பிரித்துச் சுத்தம் செய்வது, கேபிள்களுக்கு எண்ணெய் விடுவது, கடைசியாக டேப்பட்.

பக்கத்து வீட்டுப் பெரியவர் ரயில்வே பட்டறையில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். அவரிடம் ஒரு பழைய 350 சிசி புல்லட் இருந்தது. முதல் நாள் நான் எட்டிப் பார்த்தபோது டேங்கைத் தட்டிக்காட்டி, "இது உங்க ஊர்ல செஞ்சது, தெரியுமா?" என்று கேட்டார். இங்கிலாந்தின் ரெட்டிச்சில் பிறந்த கம்பெனி அது. 1955இல் மெட்ராஸில் அதன் இந்தியக் கிளை தொடங்கப்பட்டு, திருவொற்றியூரில் புல்லட் தயாரானது. 1970களின் தொடக்கத்துக்குள் இங்கிலாந்தில் தயாரிப்பு நின்றே போயிற்று. 1977இலிருந்து திருவொற்றியூர் புல்லட் இங்கிலாந்துக்கே ஏற்றுமதியாகத் தொடங்கியது. வட சென்னைத் தொழிலாளியின் கைபட்ட இன்ஜினைத்தான் இந்த ஆங்கிலேய ஃபிட்டர் தன் முதுமையின் குளிர்காலங்களில் பிரித்துப் பிரித்துப் பூட்டிக்கொண்டிருந்தார்.

அந்தப் பழைய புல்லட்டின் டேப்பட்டைச் சரிசெய்ய ஃபீலர் கேஜ்கூடத் தேவையில்லை. இன்ஜின் பக்கவாட்டில் இருக்கிற சிறு மூடியைக் கழற்ற வேண்டும். பிஸ்டன் மேலே வந்து இரண்டு வால்வும் மூடியிருக்கிற நிலையில் நிறுத்திக்கொண்டு, உள்ளே நிற்கும் புஷ்ராடை விரலால் சுற்றிப் பார்க்க வேண்டும். தடையில்லாமல் சுற்ற வேண்டும், ஆனால் மேலும் கீழும் ஆடக்கூடாது. அவ்வளவுதான். ஒரே ஒரு நிபந்தனை உண்டு: இன்ஜின் முழுசாகக் குளிர்ந்திருக்க வேண்டும். சூட்டில் உலோகம் விரிந்திருக்கும். அப்போது எடுக்கிற அளவு பொய் அளவு. ஓடி வந்த வண்டி என்றால் ராத்திரி முழுக்க ஆறப்போட வேண்டும். மூன்று மாதமாக ஓடாமல் நிற்கிற இன்ஜினுக்கு இந்தப் பிரச்சினையே இல்லை.

பெரியவர் ஒரு டேப்பட்டுக்கு ஒரு முற்பகல் முழுக்க எடுத்துக்கொள்வார். பூட்டுவார், சுற்றிப் பார்ப்பார், திருப்தியில்லாமல் திரும்பக் கழற்றுவார், டீ குடிப்பார். யாரும் அவரை எண்ணவில்லை. நானும் என் கொட்டகையில் அப்படித்தான். கிடங்கில் வினாடியாக இருந்த என் நேரம் இங்கே வேலையாக மாறியது. வேலை முடிகிறபோதுதான் நேரம் முடியும். ஈ. பி. தாம்ப்ஸன் 1967இல் எழுதிய, காலத்தையும் வேலைக் கட்டுப்பாட்டையும் பற்றிய புகழ்பெற்ற கட்டுரையில் இரண்டு வகையான காலத்தைப் பிரித்துக்காட்டுகிறார். பால் கறப்பது, அறுவடை செய்வது, வலை இழுப்பது போல வேலையே தன் காலத்தைத் தீர்மானிப்பது ஒன்று. முதலாளி விலைக்கு வாங்கிக் கடிகாரத்தால் அளப்பது இன்னொன்று. குளிர்காலக் கொட்டகை என்பது கடிகாரச் சமூகத்துக்குள் அந்தப் பழைய காலம் ஒளிந்துகொண்டிருக்கிற ஒரு மூலை. நிறைவு அங்கிருந்துதான் வருகிறது. கிரீஸிலிருந்து வருவதில்லை.

3

இனி பிர்சிக்கிடம் வருவோம். நூல் ஒரு கோடைப் பயணத்தின் கதை. 1968இல் மின்னசோட்டாவிலிருந்து கலிஃபோர்னியாவுக்குத் தன் மகன் கிறிஸ்ஸைப் பின்னால் ஏற்றிக்கொண்டு 305 சிசி ஹோண்டாவில் அவர் போன பயணம். கூடவே சதர்லண்ட் தம்பதி, ஜானும் சில்வியாவும், பிஎம்டபிள்யூ வண்டியில் வருகிறார்கள். ஜான் தன் வண்டியைத் தொடமாட்டார். கம்பெனி நல்ல வண்டி கொடுத்திருக்கிறது, கெட்டால் கடைக்காரன் பார்த்துக்கொள்வான் என்பது அவர் எண்ணம். அவருடைய ஹேண்டில்பார் வழுக்குகிறது. பீர் டின்னிலிருந்து ஒரு துண்டு தகட்டை வெட்டி இடையில் செருகினால் சரியாகிவிடும் என்கிறார் பிர்சிக். விலையுயர்ந்த ஜெர்மன் வண்டிக்குப் பீர் டின் தகடா என்று ஜானுக்கு முகம் சுருங்கிவிடுகிறது. இந்த இடத்தில் பிர்சிக் சொல்வது சரியான விமர்சனம். எந்திரத்தின் பலனை அனுபவித்துக்கொண்டே எந்திரத்தை வெறுப்பது ஒரு நடுத்தர வர்க்கச் சொகுசு. நம் சிறுபத்திரிகை உலகத்திலும் இதற்குப் பஞ்சமில்லை. நவீனத்துவத்தின் நெருக்கடி பற்றி நாற்பது பக்கம் எழுதுகிறவருக்குத் தன் வண்டியின் பிளக் எங்கே இருக்கிறது என்று தெரியாது.

ஆனால், அதே நூலில் இன்னொரு காட்சி இருக்கிறது. பிர்சிக்கின் இன்ஜின் வேகமாகப் போகும்போது இறுகிப்போகிறது. பட்டறையில் விடுகிறார். அங்கே இளைஞர்கள் வேலை செய்கிறார்கள், ரேடியோ அலறுகிறது, சிரித்துப் பேசிக்கொள்கிறார்கள். டேப்பட் மூடியைத் தப்பான ஸ்பேனரால் வழுக்கவிட்டு, பிறகு உளியும் சுத்தியலுமாக அடித்து அலுமினியத்தையே உடைக்கிறார்கள். திரும்பத் திரும்ப இன்ஜினைப் பிரித்தும் கோளாறைக் கண்டுபிடிக்கவில்லை. ஆயில் போகும் வழியில் இருபத்தைந்து சென்ட் பெறுமான ஒரு பின் முறிந்திருந்தது. அதைக் கடைசியில் பிர்சிக்கே கண்டுபிடிக்கிறார். பிறகு அந்த மெக்கானிக்குகளின் முகபாவம் பற்றி யோசிக்கிறார். அவர்கள் வேடிக்கை பார்க்கிறவர்கள் மாதிரி இருந்தார்கள், வேலையோடு அவர்களுக்கு ஒட்டுறவே இல்லை, அக்கறையில்லை என்று முடிவுக்கு வருகிறார். எட்டு மணி நேரம் முடிந்ததும் வேலையை அறுத்துக்கொண்டு போய்விடுகிற ஆட்கள் அவர்கள் என்பதையும் குறிப்பிடுகிறார்.

கவனிக்க வேண்டிய இடம் இதுதான். எட்டு மணி நேரத்தைப் பார்த்திருக்கிறார். கடிகாரத்தைப் பார்த்திருக்கிறார். பார்த்துவிட்டு அதை ஒரு மனப்பான்மையாக எழுதுகிறார். அந்தப் பையன்களுக்கு மணிக்கு என்ன கூலி, ஒரு நாளைக்கு எத்தனை வண்டி முடிக்க வேண்டும், உடைந்த மூடிக்கு யார் காசு கொடுத்தது, முதலாளி யார் என்ற கேள்விகளை அவர் கேட்கவில்லை. ஓர் உழைப்பு உறவு இங்கே ஒரு குணக்கேடாக உருமாற்றப்படுகிறது. 1844 கையெழுத்துப் பிரதிகளில் மார்க்ஸ் விவரித்த அந்நியமாதல் அச்சு அசலாக அந்தப் பட்டறையில் நின்றுகொண்டிருக்கிறது. தொழிலாளி வேலைக்கு வெளியேதான் தன்னை உணர்கிறான் என்பதற்கு அதைவிட நல்ல சாட்சியம் கிடைக்காது. பிர்சிக்கோ அதற்குத் தீர்வாக ஒரு தத்துவத்தைத் தேடிப் போகிறார். தரம் என்ற கருத்தாக்கம், ப்ளேட்டோ, அரிஸ்டாட்டில், ஜென் எல்லாம் வருகின்றன. கூலி வரவில்லை.

'அது நாவல் மாதிரியான ஒரு தத்துவ நூல், அதில் போய்க் கூலிக் கணக்குத் தேடலாமா?' என்று சிலர் கேட்கலாம். தேடலாம். அக்கறை என்பது எங்கிருந்து வருகிறது என்பதே அந்த நூலின் மையக் கேள்வி. அக்கறையுள்ள மெக்கானிக்காக அதில் வருகிறவர் வண்டியின் சொந்தக்காரர். கணினிக் கையேடுகள் எழுதிச் சம்பாதிக்கிற ஒருவர் தன் ஓய்வு நேரத்தில் தன் சொத்தைப் பழுதுபார்க்கிறார். அக்கறையில்லாதவர்களாக வருகிறவர்கள் கூலிக்காரர்கள். இந்தப் பிரிவினை தற்செயலானதல்ல.

4

அண்ணனின் பட்டறை ஒரு முட்டுச்சந்தில் இருந்தது. தகரக் கூரை, தரையெல்லாம் ஆயில், மூட்டையில் பனியன் வேஸ்ட். அங்கேயும் ரேடியோ பாடிக்கொண்டேதான் இருக்கும். ஆனால், இன்ஜினில் ஏதாவது வித்தியாசமான சத்தம் வந்தால் கையைக் காட்டுவார். எடுபிடிப் பையன் ரேடியோவை நிறுத்துவான். அண்ணன் நீளத் திருப்புளியின் நுனியை இன்ஜினில் ஊன்றி, கைப்பிடியைக் காதில் வைத்துக் கண்ணை மூடிக்கொள்வார். டாக்டர் ஸ்டெதாஸ்கோப் வைக்கிற மாதிரிதான். கேம் சத்தமா, பேரிங் சத்தமா என்று சொல்லிவிடுவார். ரேடியோ அலறுகிற பட்டறையில் அக்கறை இருக்காது என்று எழுதியவருக்கு இந்தக் காதைக் காட்டியிருக்க வேண்டும்.

காலையில் எட்டரைக்குள் பத்து வண்டி வந்து நிற்கும். எல்லாம் ஓடி வந்த வண்டி, எல்லாம் சூடு. எல்லோருக்கும் சாயங்காலம் வேண்டும்.

"டேப்பட் சத்தம் சார், ஒரு நைட் விட்டுட்டுப் போங்க, காலைல பச்ச இன்ஜின்ல பாத்துத் தர்றேன்."

"அதெல்லாம் முடியாதுப்பா. காலைல பசங்கள ஸ்கூல்ல விடணும். இப்பவே பாத்துக் குடு."

அண்ணன் சூட்டிலேயே ஒரு கணக்குப் போட்டு வைத்துக் கொடுப்பார். பாதிக்கு மேல் சரியாக இருக்கும். ஒன்றிரண்டு வண்டியில் மறுவாரம் சத்தம் திரும்ப வரும். உடனே 'மெக்கானிக் ஒழுங்கா பாக்கல' என்ற தீர்ப்பு வரும். சரியான முறை அவருக்குத் தெரியாமலில்லை. ஒரு ராத்திரிதான் அவரிடம் இல்லை. இங்கிலாந்துப் பெரியவருக்கு இயற்கையும் பென்ஷனும் சேர்ந்து மூன்று மாதத்தைக் கொடுத்தன. அண்ணனுக்கு அரைமணி நேரம்.

காசு விஷயமும் அப்படித்தான். இதை அவரே ஒருநாள் சொன்னார்: "டேய், பார்ட்ஸ் ஆயிரம்னாலும் வாயத் தெறக்காமக் குடுத்துருவாங்கெ. லேபர் இருநூறுன்னு சொல்லிப் பாரு. அரை மணி நேர வேலைக்கு இவ்வளவான்னு கேப்பாங்கெ. அந்த அரை மணி நேரத்துல செய்யக் கத்துக்கிட்டது இருவது வருஷம்டா." மதிப்பு உழைப்பிலிருந்து வருகிறது என்று நாம் கூட்டம் போட்டு விளக்குவதை அவர் பேரம் பேசுகிற இடத்திலிருந்து விளக்கினார்.

ஒரு நாள் அண்ணனுக்கு பிர்சிக்கின் கதையைச் சுருக்கமாகச் சொன்னேன். உளி வைத்து அடித்த இடத்தில் தலையில் அடித்துக்கொண்டார். "அது தப்புத்தான். அலுமினியத்துல எவனாவது உளி வைப்பானா?" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "அந்தப் பயலுக்கு எவன் தொழில் கத்துக்குடுத்தான்? மொதலாளி எங்க போனான்?" என்று கேட்டார். நானூறு பக்கத்தில் பிர்சிக் கேட்காத கேள்வி இது.

5

பட்டறையில் கூலிக்கு வேலை செய்த அனுபவத்திலிருந்து எழுதியவர்களும் இருக்கிறார்கள். மேத்யூ க்ராஃபோர்டின் 'ஷாப் கிளாஸ் அஸ் சோல்கிராஃப்ட்' 2009இல் வந்தது. சிகாகோ பல்கலைக்கழகத்தில் அரசியல் தத்துவத்தில் முனைவர் பட்டம் பெற்று, ஓர் ஆய்வு நிறுவன வேலையை உதறிவிட்டு, வர்ஜீனியா மாநிலத்தின் ரிச்மண்டில் பைக் பட்டறை வைத்தவர். ஒரு விஷயத்தில் இவர் பிர்சிக்கைவிட நேர்மையானவர். பழைய வண்டி ஒன்றைத் திறந்துவிட்டால், கோளாறின் ஆழம் வரை போய்ப் பார்க்காமல் இருக்க முடியாத தன் ஆர்வத்துக்கும், வண்டிக்காரரிடம் எத்தனை மணி நேரத்துக்குப் பில் போடுவது என்ற சங்கடத்துக்கும் இடையில் மாட்டிக்கொள்வதை வெளிப்படையாக எழுதுகிறார். அக்கறைக்கு ஒரு விலை இருக்கிறது, அதை யாராவது கொடுத்தாக வேண்டும் என்பது இங்கே தெரிந்துவிடுகிறது.

ஆனால், க்ராஃபோர்டின் பெரிய வாதம் கைவேலையின் மேன்மை பற்றியது. பள்ளிகள் தொழிற்பயிற்சி வகுப்புகளை மூடிவிட்டன, எல்லோரையும் அலுவலக மேசைக்குத் தயார் செய்கின்றன, கையால் செய்கிற வேலையின் அறிவு இழிவாக்கப்பட்டுவிட்டது என்கிறார். அமெரிக்கச் சூழலில் இதற்கு ஒரு நியாயம் உண்டு. தமிழில் இதை அப்படியே எடுத்துப் பேச நினைக்கிறவர்கள் ஒரு நிமிஷம் நிற்க வேண்டும். கைவேலையின் மேன்மையைப் பற்றி நமக்கு ஏற்கெனவே பாடம் எடுத்திருக்கிறார்கள். 1953இல் ராஜாஜி கொண்டுவந்த தொடக்கக் கல்வித் திட்டம், பிள்ளைகள் பாதி நேரம் பள்ளியிலும் மீதி நேரம் வீட்டில் தகப்பன் தொழிலைக் கற்றுக்கொண்டும் இருக்கட்டும் என்றது. அதுவும் உழைப்பின் கண்ணியம் என்ற மொழியில்தான் பேசியது. பெரியாரும் திராவிட இயக்கமும் அதைக் குலக்கல்வி என்று பெயர் சொல்லி அழைத்து எதிர்த்தார்கள். 1954இல் காமராஜர் முதல்வரானதும் திட்டம் கைவிடப்பட்டது.

தன் மகனை மெக்கானிக்காக்கக் கூடாது என்பதில் அண்ணன் பிடிவாதமாக இருந்தார். கைவேலையை அவர் வெறுத்தாரா? இல்லை. ஞாயிற்றுக்கிழமை யாரும் கேட்காமலே தன் பழைய வண்டியைப் பிரித்துவைத்துக்கொண்டு உட்காருவார். கையில் அழுக்குப் படுவது அவருக்கு அவமானமல்ல. அழுக்குக் கையோடு போனால் சில வீடுகளில் வாசலோடு நிறுத்திப் பேசுகிறார்களே, அதுதான் அவமானம். முனைவர் பட்டத்தை விட்டுவிட்டுப் பட்டறைக்கு வந்தவர், வேண்டுமானால் திரும்பிப் போகலாம். பட்டறையில் பிறந்தவனுக்கு அப்படித் திரும்பிப் போக வேறோர் இடமில்லை. கைவேலையைக் கொண்டாடுகிற எந்தச் சொல்லாடலும் இந்தக் கதவு யாருக்குத் திறந்திருக்கிறது என்பதைச் சொல்லிவிட்டுத்தான் கொண்டாட வேண்டும்.

6

குளிர்காலக் கொட்டகைக்கு இன்னொரு சுவரும் உண்டு. அந்தச் சுவருக்கு அப்பால் இருப்பது வீடு. நான் கொட்டகையில் ஆறு மணி நேரம் காலத்தை மறந்து உட்கார்ந்திருந்த நாட்களில் எனக்குச் சோறு வந்தது. எங்கிருந்து? என் மனைவியும் கிடங்கில்தான் வேலை பார்த்தார், பகல் ஷிப்டில். வீட்டில் சமைத்ததும் துவைத்ததும் அவரே. அதுவும் பராமரிப்பு வேலைதான். அதற்குக் குளிர்காலம், கோடைக்காலம் கிடையாது. அதைப் பற்றி யாரும் ஜென் என்று எழுதுவதில்லை.

பிர்சிக் பயணம் போனதற்கு அடுத்த வருஷம், 1969இல், ஃபிலடெல்ஃபியாவில் மியர்லி லேடர்மன் யூக்கலிஸ் என்ற ஓவியர், கைக்குழந்தையோடு அல்லாடிக்கொண்டிருந்தபோது, பராமரிப்புக் கலை பற்றி ஓர் அறிக்கை எழுதினார். புதிதாகப் படைப்பதற்குத்தான் கௌரவம். படைத்ததைத் துடைத்து, கழுவி, காப்பாற்றி வைக்கிற வேலைக்கு மரியாதையும் இல்லை, கூலியும் இல்லை என்பதே அவர் விமர்சனம். 1973இல் கனெக்டிகட்டின் ஹார்ட்ஃபோர்டில் ஓர் அருங்காட்சியகத்தின் படிகளைத் தானே கழுவி அதைக் கலையாக முன்வைத்தார். 1979–80இல் நியூயார்க் நகரத் துப்புரவுத் தொழிலாளர்கள் சுமார் 8,500 பேரை ஒவ்வொருவராகச் சந்தித்துக் கைகுலுக்கி நன்றி சொன்னார். கைகுலுக்குவதால் கூலி உயராது என்பது உண்மைதான். ஆனாலும், பராமரிப்பு என்ற சொல்லைச் சொந்தக்காரரின் கொட்டகையிலிருந்து வெளியே எடுத்துக் கூலிக்காரர்களின், பெண்களின் வேலையோடு சேர்த்துவைத்தவர் அவர். பிர்சிக்கையும் யூக்கலிஸையும் சேர்த்து வாசிக்க வேண்டும் என்று சொல்வேன். ஒரே காலத்தில், ஒரே நாட்டில், ஒரே வேலையைப் பற்றி இரண்டு பேர் எழுதியிருக்கிறார்கள். ஒருவரின் நூலுக்குத்தான் பக்தர்கள் கிடைத்தார்கள்.

7

அப்படியானால் தன் வண்டியைத் தானே பார்த்துக்கொள்வது வெறும் சொகுசுதானா? இல்லை. இந்த இடத்தில் எனக்கும் என் கோபத்துக்கும் பிரிவு வருகிறது.

எந்திரத்தைத் திறந்து பார்க்கிற உரிமையே இப்போது பறிபோய்க்கொண்டிருக்கிறது. இந்தியாவில் 2019 ஏப்ரல் முதல் 125 சிசிக்கு மேற்பட்ட வண்டிகளுக்கு ஏபிஎஸ் கட்டாயமானது. 2020 ஏப்ரலில் பிஎஸ் 6 விதிகள் வந்தபோது சின்ன வண்டிகளிலும் கார்புரேட்டர் போய் இன்ஜெக்ஷன் வந்தது. கோளாறைத் தானே பதிவுசெய்கிற அமைப்பும் கட்டாயம். புகை குறைந்திருக்கிறது, பிரேக் பாதுகாப்பு கூடியிருக்கிறது. நகரத்துக் காற்றை முதலில் குடிக்கிறவர்கள் தெருவோரப் பட்டறைக்காரர்கள்தான் என்பதால் இதை எதிர்க்க வேண்டியதில்லை. ஆனால், பதிவான கோளாறைப் படிக்க ஒரு கருவி வேண்டும், அதற்கு மென்பொருள் வேண்டும், அதற்கு அனுமதி வேண்டும். கம்பெனி சர்வீஸ் சென்டரில் எல்லாம் இருக்கும். முட்டுச்சந்துக்கு வராது. "முன்னெல்லாம் காதுல வச்சா வண்டி பேசும். இப்ப அது கம்பெனிகிட்ட மட்டுந்தான் பேசுதுடா" என்றார் அண்ணன். இன்ஜெக்ஷன் வண்டிகளை அவர் திருப்பி அனுப்பத் தொடங்கினார். இப்போது பஞ்சர், செயின், பிரேக் வேலைதான் மிச்சம்.

பழுதுபார்க்கும் உரிமை கேட்டு மேற்கில் ஓர் இயக்கம் நடக்கிறது. பிர்சிக்கின் மின்னசோட்டாவிலேயே 2023இல் ஒரு சட்டம் நிறைவேறி, 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்தது. மின்னணுப் பொருள்களின் உதிரிப் பாகமும் கையேடும் கருவியும் சொந்தக்காரருக்கும் வெளிப் பட்டறைக்கும் கிடைக்க வேண்டும் என்கிறது அது. மோட்டார் வாகனங்களுக்கு அந்தச் சட்டத்திலிருந்து விலக்கு! இந்தியாவில் ஒன்றிய அரசின் நுகர்வோர் துறை 2022 டிசம்பரில் பழுதுபார்க்கும் உரிமைக்கென ஓர் இணையவாசல் திறந்தது. வாகனங்களும் அதில் ஒரு பிரிவு. கம்பெனிகள் தாங்களாக முன்வந்து தகவல் தருகிற ஏற்பாடு அது. தராவிட்டால் கேட்கச் சட்டம் இல்லை.

இந்த இயக்கத்தின் மொழியிலும் பிர்சிக்கின் நிழல் விழுந்திருக்கிறது. 'என் பொருள், நான் காசு கொடுத்து வாங்கியது, நான் திறப்பேன்' என்பதே அதன் முழக்கம். சொந்தக்காரரின் உரிமை அது. நம் ஊரில் வண்டியைத் திறப்பது சொந்தக்காரர் அல்ல, தெருவோர மெக்கானிக். எனவே நம் கோரிக்கை வேறு விதமாக இருக்க வேண்டும். கோளாறுக் குறியீடுகளும் சர்வீஸ் கையேடுகளும் தமிழில், யாரும் வாங்கக்கூடிய விலையில் வர வேண்டும். கோளாறைப் படிக்கும் கருவி கம்பெனிக்காரனுக்குக் கிடைக்கிற அதே விலைக்குப் பட்டறைக்காரனுக்கும் கிடைக்க வேண்டும். ஐம்பது வயது மெக்கானிக்கையும் உட்காரவைத்துச் சொல்லித்தருகிற மாலை வகுப்பு வேண்டும், கூலி இழப்புக்கு ஈட்டுத்தொகையோடு. கடைசியாக ஒன்று, இதற்குச் சட்டம் தேவையில்லை: லேபர் என்று கேட்டால் பேரம் பேசாமல் கொடுக்கிற பழக்கம்.

பிர்சிக்கின் அந்த ஹோண்டா இப்போது அமெரிக்காவின் ஸ்மித்ஸோனியன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதை ஒருகாலத்தில் உளி வைத்து உடைத்த பையன்களின் பெயர் யாருக்கும் தெரியாது. அவர்களுடைய தப்பை நான் நியாயப்படுத்தவில்லை; அண்ணனே நியாயப்படுத்தவில்லை. ஆனால், அவர்களுக்கு ஒரு குளிர்காலம் கொடுத்திருந்தால், அந்த இருபத்தைந்து சென்ட் பின்னை அவர்களே கண்டுபிடித்திருக்க மாட்டார்களா? தோழர்கள் விவாதிக்கலாம்.